தாமல் வழிச் சாலையும் சரக்கு முன்கணிப்பின் வரலாறும்

தாமல், காஞ்சிபுரத்திற்கு மேற்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான தாமல் ஏரியாலும் வராகீசுவரர் கோயிலாலும் அறியப்படுகிறது. காஞ்சிபுரத்தின் பட்டுத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. அது தரைவழியாக வரும் நேர்வழி தாமலைத் தொட்டுச் செல்லும் இந்தச் சாலைதான். பல ஆண்டுகள் தேசிய நெடுஞ்சாலை 4 என்று அழைக்கப்பட்ட இது, 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 48 ஆயிற்று.

ஒரு பாதையில் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து எவ்வளவு சரக்கு செல்லும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவது சரக்குப் போக்குவரத்து முன்கணிப்பு எனப்படும். பாதையின் அகலம், பாலத்தின் வலிமை, கையகப்படுத்த வேண்டிய நிலம், வசூலிக்க வேண்டிய சுங்கம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன. சென்னைக்கும் மேட்டு நிலத்திற்கும் இடைப்பட்ட இந்த வழித்தடத்தில் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இந்த முயற்சி நடந்துவருகிறது. இந்தியாவில் இத்துறை எப்படி வளர்ந்தது, எங்கே தவறியது என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான வழித்தடம் தமிழ்நாட்டில் இல்லை எனலாம்.

சத்திரங்களும் வண்டிகளும்

தாமலுக்கு அருகில் பாலுசெட்டி சத்திரம் உள்ளது. காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே இதே சாலையில் சின்னையன் சத்திரம் உள்ளது. வழிப்போக்கரும் வண்டிக்காரரும் தங்கிச் செல்ல அமைந்த இத்தகைய சத்திரங்களின் பெயர்களே பழைய போக்குவரத்திற்குச் சான்று. பார வண்டி இழுக்கும் மாடு ஒரு நாளில் கடக்கும் தொலைவு குறைவு. அந்தத் தொலைவிற்குள் தண்ணீரும் நிழலும் வைக்கோலும் கிடைக்க வேண்டும். தண்ணீருக்கு ஏரிக்கரை ஊர்கள் உதவின. 1751இல் இராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டிற்குப் படை நடத்திச் சென்றதும் காஞ்சிபுரம் வழியாகத்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வழி கிரேட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு, அதாவது மேற்குப் பெருஞ்சாலை எனப்பட்டது. இன்றும் பல இடங்களில் ஜி.டபிள்யூ.டி. ரோடு என்ற பெயர் வழங்குகிறது. இச்சாலையில் வாலாஜாப்பேட்டை பெரும் சந்தையாக விளங்கியது. மலைக்கு மேலிருந்து வரும் பொருளும் சென்னையிலிருந்து செல்லும் பொருளும் அங்கே கைமாறின. 1866இல் நகராட்சி ஆகும் அளவுக்கு அவ்வூர் செழிப்பாயிருந்தது. ஆனால் அதற்குள்ளாகவே அதன் வணிகத்தை வேறொன்று இழுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

1845இன் கணிப்பு

இந்தியாவில் இரயில் பாதை போடலாமா என்ற பேச்சு வலுத்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை 1845 மே மாதம் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதியது. பருவமழை, வெள்ளம், கடும் வெயில், மரத்தையும் மண்கரையையும் அரிக்கும் பூச்சிகள் என்று தடைகள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. வருமானம் பற்றியும் ஒரு கணிப்பு இருந்தது. இங்கிலாந்தில் இரயிலுக்கு வருமானம் பெரும்பாலும் பயணிகளிடமிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் மக்கள் ஏழைகள், பரந்து வாழ்கிறவர்கள். ஆகவே இங்கே சரக்கை நம்பியே இரயில் ஓட வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம்.

சென்னை இரயில்வே கம்பெனியின் முதல் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை இதுவே. அது காஞ்சிபுரத்தையும் தாமலையும் தெற்கே விட்டுவிட்டு, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் சென்றது. 1862இல் பாதை மேற்குக் கடற்கரையை எட்டியது. 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை கிடைத்தது.

இரயிலில் ஏறமாட்டார்கள் என்று எண்ணப்பட்ட மக்கள் நாடெங்கும் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை நிரப்பினர். திருவிழாவும் தீர்த்த யாத்திரையும் கல்யாணமும் கம்பெனியின் கணக்கேடுகளில் இடம்பெறாதவை. மாட்டு வண்டியில் பல நாள் பயணம் செய்ய முடியாததால் வீட்டிலேயே இருந்தவர்களைச் சாலையில் நின்று எண்ணிப் பார்க்க முடியாது. சாலையில் ஏற்கெனவே செல்வதை எண்ணி எதிர்காலத்தைச் சொல்லும் முறைக்கு இது முதல் பெரிய அடி. கடிதத்தை எழுதியவர்கள் முழுக்கத் தவறவும் இல்லை. பாதைகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு சரக்கு வருமானம் வளர்ந்து பயணிகள் வருமானத்தை முந்தியது. ஆக, கணிப்பு தவறியது அளவில் மட்டுமன்று, வரிசையிலும்தான்.

தவறினால் இழப்பு யாருக்கு என்பதையும் ஒப்பந்தமே முடிவு செய்திருந்தது. கம்பெனி போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி அளித்தது. போக்குவரத்துக் குறைந்தால் மீதியை இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெருமளவு நிலவரி கட்டிய உழவரின் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். கணிப்பவர் ஒருவர், பணம் போடுபவர் வேறொருவர், நட்டத்தைச் சுமப்பவர் மூன்றாமவர் என்ற ஏற்பாடு இவ்வாறு தொடங்கியது.

அரக்கோணம்–காஞ்சிபுரம் சிறு பாதை

காஞ்சிபுரத்திற்குக் கிடைத்த இரயிலின் கதை தனியே சொல்லத் தக்கது. 1862இல் உருவான இந்தியன் டிராம்வே கம்பெனி, பெரிய பாதைகளுக்கு ஊட்டம் தரும் சிறு கிளைகளை மலிவாக அமைக்க முனைந்தது. அது 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு 3 அடி 6 அங்குல அகலப் பாதை ஒன்றைத் திறந்தது. சென்னை இரயில்வேயின் அகலமோ 5 அடி 6 அங்குலம். கிளையில் வண்டி குறைவாகத்தான் ஓடும் என்ற எதிர்பார்ப்பு இந்தக் குறுகிய அகலத்திலேயே தெரிகிறது.

விளைவு, காஞ்சிபுரத்தின் மூட்டைகள் ஒவ்வொன்றும் அரக்கோணத்தில் இறக்கி ஏற்றப்பட வேண்டியதாயிற்று. ஏற்றுக்கூலி, காத்திருப்பு, சேதம் மூன்றும் சேர்ந்தால் முப்பது கிலோமீட்டர் இரயில் பயணத்தின் இலாபம் கரைந்துவிடும். சரக்கு குறைவாக வரும் என்று கருதிக் குறுகலாகப் போட்டார்கள். குறுகலாக இருந்ததாலேயே சரக்கு வரத் தயங்கியது. பின்னர் அக்கம்பெனி தென்னிந்திய இரயில்வேயில் கலந்தது. 1878இல் பாதை மீட்டர் அகலத்திற்கு மாற்றப்பட்டு, சில ஆண்டுகளில் செங்கல்பட்டு வரை நீண்டது. அப்போதும் அரக்கோணத்தில் அகல வேறுபாடு நீங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது மீட்டர் பாதையாகவே இருந்தது. சிறிய எண் ஒன்று இரும்பாக உறைந்துவிட்டால் அதைத் திருத்த எத்தனை காலமாகும் என்பதற்கு இது உள்ளூர் எடுத்துக்காட்டு.

வாலாஜாப்பேட்டையின் நிலை வேறு. இரயில் ஊருக்குச் சற்றுத் தள்ளிச் சென்றது. பொருள்கள் அங்கே நிற்காமல் கடந்து போயின. இரயில் வந்தால் வணிகம் பெருகும் என்பது பொதுவாக உண்மைதான். எந்த ஊரில் பெருகும் என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

பஞ்சம் கேட்ட கேள்வி

ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு வேண்டியது நீர்வழிப் போக்குவரத்து என்று நெடுங்காலம் வாதிட்டவர். ஏழை நாட்டின் சரக்கு தாங்கக்கூடிய கட்டணத்திலும் அதற்கு வேண்டிய அளவிலும் இரயிலால் சுமக்க முடியாது என்று 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். நான்கே ஆண்டுகளில் அக்கூற்று சோதனைக்குள்ளானது.

1876–78 பெரும் பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்திற்குக் கடல்வழியாகத் தானியம் வந்து குவிந்தது. அது உள்நாட்டிற்குப் போக வேண்டும். உள்நாட்டு விளைச்சலைத் துறைமுகத்திற்கு இழுத்துவருவதற்காகவே முதன்மையாக எண்ணப்பட்ட பாதையில் சரக்கு எதிர்த்திசையில் பாய்ந்தது. வேகன்களும் நிலையங்களும் போதவில்லை. இரயில் எட்டாத ஊர்களுக்கு மாட்டு வண்டியே கதி; பஞ்சத்தில் மாடுகளும் தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன.

இந்நிகழ்ச்சி கணிப்பின் அடிப்படையையே அசைத்தது. பொருளியலில் தேவை என்றால் விலை கொடுக்க வல்ல தேவை. பசித்தவன் கையில் காசு இல்லையென்றால் அவனுக்கான அரிசி மூட்டை எந்தப் போக்குவரத்து மதிப்பீட்டிலும் ஏறாது. 1880இன் பஞ்ச விசாரணைக் குழு இதை வேறு விதமாக அணுகியது. நாட்டைப் பஞ்சத்திலிருந்து காக்க மொத்தம் 20,000 மைல் இரயில் பாதை வேண்டும், அதில் 5,000 மைல் உடனடித் தேவை என்றது. வருமானம் தராவிட்டாலும் போடப்பட வேண்டிய இவற்றுக்குப் பாதுகாப்பு இரயில்வே என்ற பெயர் வந்தது. எவ்வளவு சரக்கு வரும் என்ற கேள்வியோடு, எவ்வளவு சரக்கு போயாக வேண்டும் என்ற கேள்வியும் அரசின் ஆவணங்களில் ஏறியது அப்போதுதான். பின்வந்த கணிப்புகளில் பலவும் முதல் கேள்வியோடு நின்றுவிட்டன.

லாரியின் வருகை

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. இரயிலுக்கு வந்த போட்டியை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னெஸ் அறிக்கை 1933இல் வெளியானது. 1939இன் மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் முறையால் லாரிகளைக் கட்டுக்குள் வைத்தது. இரயிலைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. சாலையில் லாரி குறைவாக இருப்பது தேவை இல்லாததாலா, பெர்மிட் இல்லாததாலா என்பதைச் சாலையோரம் நின்று எண்ணுபவரால் பிரித்தறிய முடியாது.

1943இன் நாக்பூர் திட்டம் இருபது ஆண்டுகளுக்கான சாலை வளர்ச்சியை வகுத்தது. 100 சதுர கிலோமீட்டருக்கு 16 கிலோமீட்டர் சாலை என்பது இலக்கு. விளைநிலப் பரப்பும் மக்கள்தொகையும் அதன் கணக்குக்கு அடிப்படை. எளிய முறைதான், ஆயினும் இலக்கு குறித்த காலத்திற்கு முன்பே எட்டப்பட்டது. 1961இன் பம்பாய்த் திட்டம் அதை 32 ஆக இரட்டித்தது. 1981–2001க்கான லக்னோத் திட்டம் 82 என்றது.

ஐந்தாண்டுத் திட்டங்களில் சரக்குக் கணிப்பு வேறு வழியில் சென்றது. நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட், உணவுத் தானியம், உரம், பெட்ரோலியம் ஆகியவற்றின் உற்பத்தி இலக்கை எடுத்து, ஒவ்வொன்றும் சராசரியாகச் செல்லும் தொலைவால் பெருக்கினால் டன்-கிலோமீட்டர் கிடைக்கும். இரயில்வேக்கு இது நன்றாகவே பொருந்தியது. காஞ்சிபுரம் போன்ற ஊரின் பொருள்கள் இந்தப் பட்டியலில் கிடையா. சூரத்திலிருந்து வரும் ஜரிகை, கர்நாடகத்துப் பட்டு நூல், வெளியூர் செல்லும் சேலைக் கட்டுகள், செங்கல், காய்கறி எல்லாம் ‘மற்றவை’. பட்டு இன்னொரு விதத்திலும் கணக்கை ஏமாற்றும்: ஒரு லாரி ஆற்று மணலைவிட ஒரு சிப்பம் பட்டு பல மடங்கு மதிப்புடையது. டன்னில் அளந்தால் நெசவு நகரத்தின் உயிர்நாடி ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

கணக்கின் ஓரத்தில் ‘மற்றவை’ பெருகிக்கொண்டிருந்தபோது, நாட்டின் சரக்கில் இரயிலின் பங்கு 1950–51இல் சுமார் 89 சதவீதத்திலிருந்து 2007–08இல் சுமார் 30 சதவீதமாகச் சரிந்தது. 150 ஆண்டுகளுக்கு முன் தாமல் வழியிலிருந்து அரக்கோணம் வழிக்குப் போன நெடுந்தொலைவுச் சரக்கு, லாரியில் ஏறி மீண்டும் தாமல் வழிக்கே திரும்பியது.

எண்ணும் முறை

இன்று ஒரு நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் முன், ஏழு நாள் இரவும் பகலும் வண்டிகளை வகை பிரித்து எண்ணுகிறார்கள். ஓட்டுநர்களை நிறுத்தி எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று கேட்கிறார்கள். அச்சின் மீதுள்ள பாரத்தை எடை போடுகிறார்கள். வெவ்வேறு வண்டிகளை ஒரே அலகில் கூட்ட, இந்தியச் சாலைகள் பேராயம் காரை ஒன்று என வைத்து மற்றவற்றுக்கு மதிப்புக் கொடுத்துள்ளது. அதன் 1990ஆம் ஆண்டு நெறிமுறையில் லாரிக்கு மதிப்பு 3. பெரிய மாட்டு வண்டிக்கு 8. மாட்டு வண்டி மெதுவாகச் சென்று மற்ற எல்லாவற்றையும் தடுப்பதே காரணம். சாலையை உருவாக்கிய வண்டி, சாலைக்குப் பெருந்தடையாகக் கணக்கில் ஏறிவிட்டது.

பிறகு வளர்ச்சி விகிதம் வருகிறது. நாட்டின் உற்பத்தி 1 சதவீதம் கூடினால் சரக்கு எத்தனை சதவீதம் கூடும் என்ற நெகிழ்ச்சி எண்ணைக் கண்டு, அதை எதிர்பார்க்கும் பொருளாதார வளர்ச்சியால் பெருக்குவார்கள். உற்பத்தி 6 சதவீதம் வளரும், நெகிழ்ச்சி 1.2 என்றால் சரக்கு 7.2 சதவீதம் வளரும். போதிய தரவு இல்லாத இடத்தில் 7.5 சதவீதம் கொள்ளலாம் என்று பேராயத்தின் 2001ஆம் ஆண்டு தார்ச்சாலை நெறிமுறை சொன்னது. 2012இல் அது 5 சதவீதம் ஆயிற்று. மாற்றம் சிறிது போலத் தோன்றும். 7.5 சதவீதத்தில் இன்றைய 1,000 லாரி இருபது ஆண்டில் ஏறக்குறைய 4,250 ஆகும். 5 சதவீதத்தில் 2,650தான். இடைவெளியாகிய 1,600 லாரிக்காக எத்தனை ஏக்கர் நஞ்சை, ஏரியின் எத்தனை அடிக் கரை எடுக்கப்படும் என்பதே ஏரிக்கரை ஊர்களுக்குப் பொருளுள்ள கேள்வி. எடுத்த நிலம் திரும்பி வராது. குறைத்துக் கணித்தாலும் தண்டனை உண்டு: நெரிசல், விபத்து, சில ஆண்டுகளில் மீண்டும் தோண்டப்படும் சாலை.

ஃப்ளூபியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். சாலைத் திட்டங்களில் பாதியில் உண்மைப் போக்குவரத்து கணிப்பிலிருந்து 20 சதவீதத்திற்கு மேல் விலகியிருந்தது. இரயில் பயணிகள் எண்ணிக்கையோ சராசரியாக இரு மடங்குக்கும் மேல் மிகைப்படுத்திக் கணிக்கப்பட்டிருந்தது. கணினி வந்தபின் துல்லியம் கூடியதாகவும் அவர்கள் காணவில்லை.

தங்க நாற்கரமும் அதன் பின்னும்

1990களில் இச்சாலையின் கிழக்குப் பகுதியில் புதிய வாடிக்கையாளர்கள் வந்தனர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்பகுதிகளாயின. 1983இல் சரக்குப் பெட்டக முனையம் பெற்ற சென்னைத் துறைமுகத்திற்கு நீண்ட டிரெய்லர்கள் வரத் தொடங்கின. சென்னையின் கட்டட வளர்ச்சி பாலாற்று மணலை லாரி லாரியாக இழுத்தது. தொழிற்சாலை எங்கே வரும் என்பது தரைநிலப் போக்குவரத்தைவிட அரசின் ஒப்பந்தங்களைப் பொறுத்தது. பத்தாண்டு முந்தைய வண்டி எண்ணிக்கையை எவ்வளவு நுட்பமாக நீட்டினாலும் அதில் ஹூண்டாய் தோன்றியிருக்காது.

1999இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை–மும்பைக் கரத்தின் பகுதியாக இச்சாலை நான்கு வழியானது. நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய இடங்களில் சுங்கச்சாவடிகள் அமைந்தன. பின்னர் ஆறு வழியாக்கும் பணி வந்தது. தாமல் இருக்கும் காரைப்பேட்டை–வாலாஜாப்பேட்டைப் பகுதியும் அதில் அடக்கம். சாலை அகலமானால் லாரி கூடுகிறது, லாரி கூடியதால் கணிப்பு மெய்ப்படுகிறது. 1865இன் குறுகிய இரயில் பாதையில் நடந்ததற்கு இது நேர் எதிர், காரணம் ஒன்றே. கணிப்பு எதிர்காலத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் அதைக் கட்டவும் செய்கிறது.

சட்டம் ஒரே நாளில் எண்களை மாற்றுவதும் உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட பாரத்தை 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. அதே சரக்கைக் குறைந்த லாரிகள் சுமக்கலாம்; சாலை எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வோர் அச்சும் சாலையை அதிகம் நசுக்கும். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த சாலைச் சோதனையின்படி, அச்சு பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும்.

தேசிய அளவில், 2010இல் ராகேஷ் மோகன் தலைமையில் அமைக்கப்பட்ட போக்குவரத்து வளர்ச்சிக் கொள்கைக் குழு, 2011–12இல் சுமார் 2 லட்சம் கோடி டன்-கிலோமீட்டராக இருந்த சரக்கு ஆண்டுக்கு 9.7 சதவீதம் வளர்ந்து 2031–32இல் சுமார் 13 லட்சம் கோடியை எட்டும் என்றது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையோ நாட்டின் சரக்கு அளவை 2.2 லட்சம் கோடி என்று குறித்தது. முதல் கணிப்பு நடந்திருந்தால் அதற்குள் 4.5 லட்சம் கோடியைத் தாண்டியிருக்க வேண்டும். வளர்ச்சி குறைந்தது ஒரு பங்கு காரணம். இரு அறிக்கைகளும் எண்ணிய முறை வேறு என்பது மறு பங்கு. முப்பது ஆண்டு கழித்து வருவதைக் கூறும் முன் இன்று ஓடுவதே மதிப்பீடுதான் என்பதைப் பல திட்ட அறிக்கைகள் வாசகருக்குத் தெரிவிப்பதில்லை.

2018இல் வந்த இ-வே பில்லும் 2021இல் கட்டாயமான ஃபாஸ்டேக்கும் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன. எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்பது இப்போது நாள்தோறும் பதிவாகிறது. வரிவிலக்குப் பெற்ற காய்கறிக்கு இ-வே பில் தேவையில்லை. மோட்டார் இல்லாத வண்டியில் செல்லும் சரக்கிற்கும் தேவையில்லை. எனவே மாட்டு வண்டி இந்தப் புதிய ஏட்டில் இடம்பெறவில்லை.

சரக்கில் இரயிலின் பங்கை 2030க்குள் 45 சதவீதமாக உயர்த்துவது 2020இன் தேசிய இரயில் திட்டத்தின் இலக்கு. அதற்கிடையே 262 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–பெங்களூரு விரைவுச்சாலைக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஓசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வரும் அச்சாலை, 1856இன் இரயிலைப் போலவே, தாமலுக்கு வடக்கே செல்கிறது. பழைய சாலையின் லாரிகளில் எத்தனை அதற்கு மாறும் என்பது சுங்கக் கட்டணத்தையும் ஓட்டுநர்களின் கணக்கையும் பொறுத்தது. மாறினால் தாமலில் ஆறு வழிக்காக எடுக்கப்பட்ட நிலத்தின் மேல் போக்குவரத்துக் குறையும். மாறாவிட்டால் இரண்டு சாலைகளும் நிரம்பும் என்று சொல்லும் அடுத்த கணிப்புக்கு அதுவே அடிப்படை ஆண்டாகும்.